முந்தானையை மிதித்த கால் படத்தில் இல்லை

முதலில் ஷூவைக் கழற்றுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

திருவிழாப் படம் எடுக்க நம் போட்டோக்காரர் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சில வார்த்தைகள் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்த லென்ஸ், எந்த ஷட்டர் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாததை யூடியூப் சொல்லித் தரும். ஆனால் பட்டனிலிருந்து விரலை எப்போது எடுப்பது என்று காமிராப் பெட்டிக்குள் எவனும் எழுதி அனுப்புவதில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன், கொஞ்சம் சத்தமாகவே. தூத்துக்குடியில் ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்தவரை எடிட்டருக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டில் மனைவிக்கு மட்டும்தான் பயம். "அந்தப் போனைப் பிடுங்கி வச்சாலே உங்களுக்கு பிரஷர் பாதி எறங்கிரும்" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். உங்கள் படங்கள் எல்லாம் அதில்தான் வருகின்றன.

குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்குக் காளி வேசம் கட்டி வருகிறவர், மாலை போட்டு, காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஊர் ஊராகக் காணிக்கை கேட்டு அலைந்து, அதை அம்மனுக்குச் செலுத்த வந்தவர். அவர் முன்னால் போய் நின்று, "அண்ணே, நாக்கை இன்னொரு தடவை நீட்டுங்க, போகஸ் போயிட்டு" என்று ஒருவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். ஆலந்தலையில் மாதா சப்பரம் வரும்போது, கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் மேல் ஷூக்காலோடு ஏறி நின்றார் இன்னொருவர். வள்ளத்துக்காரர் இறங்கச் சொன்னதற்கு, "ஒரு நிமிஷம் தல" என்று கையை மட்டும் காட்டினார். முகத்தைத் திருப்பக்கூட அவருக்கு நேரமில்லை. அந்த மனிதர் மறுநாள் அதே வள்ளத்தில்தான் கடலுக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் சில்லறைக் கோபம். இரண்டு டம்ளர் மோர் குடித்தால் போய்விடும். மோருக்குப் போகாத கோபம் ஒன்று இருக்கிறது. அதற்குக் காரணமான ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். அறிவுரை எதுவும் தனியாகச் சொல்ல மாட்டேன்.

தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டைக்கு மேற்கே, திருநெல்வேலி ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அந்த மனிதர்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அம்மன் கோவில் ஒன்று, அதற்கு வருடத்துக்கு ஒரு கொடைத் திருவிழா. கொடையில் முக்கியமானது முளைப்பாரி. விரதம் இருக்கும் பெண்கள் சட்டியில் மண்ணும் எருவும் போட்டு நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். கொடையன்று மதியம் அந்தச் சட்டிகளைக் கோவில் முன்னால் வரிசையாக வைத்து மேளம் அடிப்பார்கள். யாராவது ஒரு பெண் மேல் அம்மன் இறங்கி, "எடுங்க" என்று உத்தரவு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாரியைத் தலையில் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கக் கூடாது. தூக்கிக்கொண்டு கோவிலுக்கு மேற்கே உள்ள பொட்டலுக்குப் போய் இறக்கி வைத்து, சுற்றிக் கும்மி அடித்துவிட்டு, பக்கத்துக் குளத்தில் கரைப்பார்கள். நான் பல வருடங்கள் போயிருக்கிறேன். அந்தச் சம்பவம் வரை ஒரு வருடம்கூட உத்தரவு இல்லாமல் சட்டி அசைந்து நான் பார்த்ததில்லை.

அம்மன் யார் மேலும் வரலாம். ஆனால் எனக்குத் தெரிந்தவரை செல்வக்கனி மேல்தான் வந்துகொண்டிருந்தது. அவள் கணவன் துறைமுகத்துக்கு கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரியின் டிரைவர். அவள் நூறு நாள் வேலைக்குப் போவாள், வீட்டில் இரண்டு ஆடு வளர்ப்பாள். சாதாரண நாட்களில் நாலு பேர் முன்னால் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. கடையில் நின்றால்கூட ஆண்கள் வாங்கிப் போன பிறகுதான் கையை நீட்டுவாள். கொடையன்று மட்டும் அவள் பேசுவாள், ஊர் கைகட்டி நின்று கேட்கும். எவன் தம்பிக்குப் பங்கு கொடுக்கவில்லை, எவன் வீட்டில் மருமகளைப் பட்டினி போடுகிறார்கள், எல்லாம் வெளியே வரும். சாமி சொன்னால் மறுபேச்சு கிடையாது. வருடத்தில் அந்த ஒரு மதியம்தான் அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை வாயிலிருந்து வரும் சொல்லுக்கு மதிப்பு.

நான் சொல்லும் வருடம் அந்தப் பொட்டலைக் கோவில் கமிட்டி ஒரு லாரி யார்டுக்கு வாடகைக்குப் பேசி முடித்திருந்தது. கண்டெய்னர் லாரிகள் நிறுத்துவதற்கு. கமிட்டித் தலைவர்தான் பேசி முடித்தவர். பெண்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை.

அன்றைக்கு மதியம் சட்டிகள் வரிசையாக இருந்தன. சட்டிகளைச் சுற்றிப் பெண்கள். பெண்களைச் சுற்றி நாம். பாரி எடுத்த பெண்களைவிட காமிரா எடுத்தவர்கள் அதிகம் என்று சொன்னால் நம்புங்கள். யாரோ முந்தின வருடம் போட்ட படம் எங்கெங்கோ சுற்றி, அந்த ஊர் நம் ஆட்களின் வாயில் விழுந்துவிட்டது. மேளம் ஏறியதும் செல்வக்கனி மேல் அம்மன் வந்தாள். வட்டம் நெருக்கியது. ஆடுகிறவளுக்குக் கை வீசக்கூட இடம் இல்லை. நான் கோவில் படிக்கட்டில் நின்று, "பின்னால வாங்கப்பா, அவளுக்கு இடம் விடுங்க" என்று கத்தினேன். ஒருவர் திரும்பி என்னையும் ஒரு படம் எடுத்தார்.

அம்மன் பாரியை எடுக்கச் சொல்லவில்லை. "எம் பாரி எறங்குத மண்ணை வித்தவன் எவம்லே?" என்று கேட்டாள்.

மேளம் நின்றது. தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "விக்கல தாயே. வாடகைக்குத்தான் விட்டுருக்கு. கோவில் வருமானத்துக்குத்தான்."

"வாடகைக்கு விட ஒனக்கு யாருலே பட்டா குடுத்தா? எம் மண்ணுல சக்கரம் உருளக்கூடாது. உருண்டா நான் அங்கன எறங்க மாட்டேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து கொலவைச் சத்தம் எழுந்தது. தலைவர் முகத்தில் ஈ ஆடவில்லை. அந்த நேரத்தில், நம் ஆட்களில் ஒருவர், எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்குவதற்காகப் பின்னால் பார்க்காமல் நகர்ந்தவர், தரையில் இழுபட்ட அவள் முந்தானையை மிதித்தார். ஷூக்கால். சேலை தோளிலிருந்து சரிந்தது. அவள் கை தானாகப் போய் இழுத்துத் தோளில் போட்டது. ஆட்டம் நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. கண் மூடித் திறக்கும் நேரம். மிதித்தவர் காலை எடுத்தார், தான் மிதித்தது அவருக்கே தெரிந்திருக்காது. அதன் பிறகு அம்மன் உத்தரவு கொடுத்தாள், பாரி எடுத்தார்கள், பொட்டலில் இறக்கிக் கும்மி அடித்தார்கள், கரைத்தார்கள். நான் மோட்டார் சைக்கிளில் வீடு வந்தேன்.

ரூபன் என்று ஒரு பையன் நம் குழுவில் உண்டு. நல்ல கண் உள்ளவன், அதை மறுக்க மாட்டேன். அவன் விரல் அந்த நேரம் பட்டனில் இருந்தது. இப்போதைய காமிராவில் ஒரு அழுத்தலுக்கு எத்தனை படம் விழும் என்று உங்களுக்குத் தெரியும். கண் மூடியது ஒன்று, கண் திறந்தது ஒன்று, கை சேலைக்குப் போவது ஒன்று, சேலையைப் பார்ப்பது ஒன்று. இதில் அவள் கையும் கண்ணும் சேலையில் இருக்கும் படத்தை அவன் பொறுக்கி எடுத்து, முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டு, "அம்மனும் அட்ஜஸ்ட் பண்ணுவாங்க" என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சி நாலு போட்டு, அன்று சாயங்காலமே போட்டுவிட்டான்.

பொழுது விடிவதற்குள் மாவட்டம் பூராவும் சுற்றிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைப் பார்த்து "அட்ஜஸ்ட் அம்மன்" என்றார்கள். ரேஷன் கடையில் ஒருவன் அவள் தோளைக் காட்டி, "சரியா இருக்கா பாத்துக்கோங்க தாயே" என்றானாம். கல்லூரிக்குப் போகும் அவள் மகள் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் ரூபனைப் போனில் பிடித்தேன். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, நான் பொய்யா ஒன்னும் போடலையே. நடந்ததைத்தானே போட்டேன்" என்றான்.

"ஏலே, அவ சேலையை மிதிச்சதும் நடந்ததுதானே. அதை எங்கலே?"

"அது பிரேம்ல நல்லா இல்ல அண்ணாச்சி. கால் எல்லாம் கிளட்டரா இருந்துச்சு."

பிரேமில் நல்லா இல்லையாம். அதன் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. போட்ட படத்தை நீக்கிவிட்டான். ஆனால் நீக்கி என்ன பயன், ஊரே சேமித்து வைத்துவிட்டது. இன்னொன்றையும் மெல்லச் சொன்னான். கமிட்டித் தலைவர் கூப்பிட்டு அந்த வரிசைப் படங்களைக் கேட்டாராம், இவன் கொடுத்துவிட்டானாம். "ஊர்த் தலைவர் கேக்கும்போது எப்படி அண்ணாச்சி இல்லன்னு சொல்ல?" வெட்டாத படத்தை உடனே எனக்கு அனுப்பச் சொன்னேன். கார்டை அழித்துவிட்டதாகச் சொன்னான். தலைவருக்குக் கொடுத்ததும் வெட்டின படங்கள்தான்.

தலைவருக்கு அந்தப் படங்கள் எதற்கு என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். சாமி சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆனால் சொன்னது சாமியே இல்லை என்று ஆகிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க்கூட்டம். பல வருடம் கொடை படம் எடுத்தவன் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். போனால், கோவில் முன்னால் பந்தல் போட்டு, தலைவர் வீட்டு டிவியைத் தூக்கி வந்து பெஞ்சில் வைத்திருக்கிறார்கள். அதில் செல்வக்கனி. ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். அரை நொடியில் நடந்ததை அரை மணி நேரம் பார்த்தார்கள். அவள் பெண்கள் பக்கத்தில் ஓரமாகத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தன் தோள் அத்தனை பெரிதாக டிவியில் நிற்க, சொந்த ஊர் ஆண்கள் எல்லாம் அதை உற்றுப் பார்க்க, ஒரு பெண் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு அந்த டிவியைத் தூக்கிக் குளத்தில் போட வேண்டும்போல இருந்தது. இப்போது நினைத்தாலும் போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

"அண்ணாச்சி, நீங்க அனுபவஸ்தர்" என்றார் தலைவர். "நீங்களே சொல்லுங்க. சாமி வந்தவளுக்குத் தன் நெனவு இருக்குமா? நெனவு இல்லாதவ சேலையைச் சரி பண்ணுவாளா?"

"அவ முந்தானையை ஒருத்தன் மிதிச்சான். நான் படிக்கட்டுல நின்னு பாத்தேன். அதான் சரிஞ்சது. கை தானாப் போச்சு."

"படத்துல அப்படி இல்லையே."

"படத்தை வெட்டியிருக்கு. கீழ உள்ள பாதி இல்ல."

"இருக்கத வச்சுத்தான அண்ணாச்சி பேச முடியும். படத்துல காலு இல்ல."

நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்கிறேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த ஊரில் என் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதை எல்லாம் டிவியில் நின்ற ஒரு படத்துக்கு முன்னால் செல்லாக்காசாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க "படம் பொய் சொல்லாது" என்று நம்மைப் பற்றி நாமே பெருமை பேசியிருக்கிறோம். அதன் பலனை அன்றைக்கு நின்று அனுபவித்தேன்.

அந்த ஆத்திரத்தில் வாயை விட்டேன். "என்கிட்டயும் ஒரு படம் இருக்கு. உங்க ஊர்ல ஆம்பளை மேல சாமி வந்து ஆடும்போது, பாதி ஆட்டத்துல வேட்டியை அவுத்து இறுக்கிக் கட்டுத படம். அதை யாரும் டிவியில போடலையே."

எல்லாரும் தலைவரின் அண்ணனைப் பார்த்தார்கள். அவர்தான் அந்த ஊரில் சுடலைமாடனுக்கு ஆடுகிறவர். பெரிய மீசை, நல்ல மனிதர். அவர் யாரையும் பார்க்காமல் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டுங்க பாப்போம்" என்றார் தலைவர்.

படம் என் போனில் இருந்தது. சட்டைப் பையில்தான் போன். கையை வைத்துவிட்டேன். எடுத்து டிவியில் மாட்டியிருந்தால் தலைவரின் வாய் அன்றோடு அடைந்திருக்கும். ஆனால் மாட்டின உடனே நானும் அவர் பக்கத்து ஆள் ஆகிவிடுவேன். படத்தைப் பார்த்துத்தான் சாமி உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். இவளோடு சேர்த்து அந்த மீசைக்காரரையும் ஊர் முன்னால் அவிழ்த்துப் போட்டதாகிவிடும். யோசிக்க நேரமில்லை, எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காட்ட மாட்டேன்" என்றேன்.

"அப்ப அப்படி ஒரு படமே இல்ல" என்று முடித்துவிட்டார்.

தீர்ப்பு சொன்னார்கள். செல்வக்கனி இனிமேல் பாரி வளர்க்கக் கூடாது, எடுக்கக் கூடாது, அவள் ஆடினால் யாரும் திருநீறு வாங்கக் கூடாது. பொட்டல் யார்டுக்குப் போகும். பாரி கரைப்பதற்குக் கோவில் பக்கத்திலேயே சிமெண்டுத் தொட்டி கட்டப்படும். நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது செல்வக்கனி வேலியோரம் நின்றிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"காட்டாதது நல்லது அண்ணாச்சி" என்றாள். "அவருக்கும் சாமி வரத்தான் செய்யுது. நான் பக்கத்துல நின்னு பாத்துருக்கேன்."

காட்டியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ரூபன் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறான். சொல்லட்டும். அவனுக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள்.

அடுத்த வருடம் கொடைக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. காமிரா பையிலேயே இருந்தது. நம் ஆட்கள் முந்தின வருடத்தைவிட அதிகம், "அட்ஜஸ்ட் அம்மன் ஊர்" என்று பேர் பரவியிருந்ததே. பொட்டலைச் சுற்றி மதில் எழும்பி, இரும்பு கேட் போட்டு, உள்ளே டிரெய்லர்கள் நின்றன. கோவில் பக்கத்தில் புதுத் தொட்டி, சுண்ணாம்பு வாசனை போகவில்லை.

பெண்கள் சட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். ஒவ்வொரு பெண்ணும் சேலையைப் பின் குத்தியிருந்தாள். தோளில், இடுப்பில், மடிப்பில், முந்தானை நுனியில். கிழவிகள்கூட. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, செருகின இடத்திலும் பின். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு டீச்சர் நிறுத்தி வைத்த பிள்ளைகள்போல, ஆடாமல் அசையாமல் நின்றார்கள்.

மேளம் அடித்தார்கள். யாருக்கும் வரவில்லை. மறுபடி அடித்தார்கள். கொலவை போட்டார்கள், அதுவும் வாயளவில். மேளக்காரர்கள் வேர்த்து விறுவிறுத்து, சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தார்கள். ஒரு பெண் தலைகூட அசையவில்லை. ஒவ்வொருத்தியும் கண்ணை நன்றாகத் திறந்து, தன் முன்னால் நிற்கும் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல என்னிடம் கேட்டான்: "எப்ப அண்ணாச்சி வரும்?"

அவன் முகத்தைப் பார்த்தேன். பதில் சொன்னால் கை நீண்டுவிடும் என்று நகர்ந்துவிட்டேன்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இருட்டில் வளர்ந்த பயிர் அது, வெளிறி மஞ்சளாக இருக்கும், வெயில் தாங்காது. சட்டி சட்டியாகத் தலை சாயத் தொடங்கியது. பாரி வாடினால் ஊருக்கு ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். தலைவர் தன் அண்ணனிடம் ஓடினார். "அண்ணே, நீ ஒரு உத்தரவு கொடு."

"அது அம்மன் பாரிலே. நான் எப்படி எடுக்கச் சொல்ல?" என்றார் அவர். பிறகு மெல்ல, "எனக்கும் ஒன்னும் வரல" என்றார். அவரும் அன்றைக்கு வேட்டிக்கு மேல் அகலமாக ஒரு பெல்ட் போட்டிருந்தார். நான் கூட்டத்தில் சொன்ன வார்த்தை அவர் இடுப்பில் இருந்தது.

கடைசியில் தலைவரே நடந்து போனார். செல்வக்கனி வீட்டு வாசலில் நின்று அவர் என்ன கெஞ்சினாரோ, தெரியாது. அவள் வந்தாள். வேலைக்குப் போகிற பழைய சேலை, தலையில் பூ இல்லை. நம் ஆட்கள் ஒரே பாய்ச்சலாகத் திரும்பினார்கள். இத்தனை நேரம் வாடிக் கிடந்தவர்களுக்கு உயிர் வந்துவிட்டது. மேளம் எகிறியது. அவள் சட்டிகளுக்கு முன்னால் வந்து நின்று, மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். மேளம் நின்றது.

"ஏளா செல்வக்கனி, உத்தரவு குடுத்துரு" என்றார் தலைவர். "பாரி வாடுது."

"எனக்கு ஒன்னும் வரல" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "உங்ககிட்டத்தான் போட்டோ இருக்கே. டிவியில போட்டு அதுகிட்ட கேளுங்க, பாரியை எடுக்கலாமா வேண்டாமான்னு."

ஷட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெட்கமில்லாமல் அது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் குனிந்து ஒரு சட்டியில் சாய்ந்திருந்த பயிரைக் கையால் நிமிர்த்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை. எழுந்து பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏளா, தூக்குங்க" என்றாள். "பயிரு சாகுது."

அது உத்தரவு இல்லை. சாமி சொல்லவில்லை, செல்வக்கனி சொன்னாள். ஆண்கள் முடிவதற்குக் காத்து நின்று கடையில் சாமான் வாங்குகிற செல்வக்கனி. பிறகு கடைசியில் நின்ற ஒரு கிழவி சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். அப்புறம் எல்லாரும் தூக்கினார்கள். செல்வக்கனிக்குச் சட்டி கிடையாது, வெறுங்கையோடு முன்னால் நடந்தாள். சிமெண்டுத் தொட்டியைத் தாண்டி மேற்கே நடந்தாள். "அங்கன இல்ல, இங்கன, இங்கன" என்று தலைவர் தொட்டியைக் காட்டிக்கொண்டே கூட ஓடினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யார்டு கேட்டில் நின்ற வாட்ச்மேன், தலையில் பயிரோடு வருகிற பெண்களைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் திறந்துவிட்டான். டிரைவர்கள் லாரிகளைப் பின்னால் எடுத்து இடம் விட்டார்கள். டீசல் கொட்டிக் கறுத்த மண்ணில் பாரியை இறக்கினார்கள். அவர்கள் கும்மி அடிக்கும்போது நம் ஆட்கள் கேட்டுக்கு உள்ளே வர முயன்றார்கள். தலைவரின் அண்ணன் கையை விரித்து வழியை மறித்துக்கொண்டு நின்றார். ஒருவர்கூட உள்ளே வரவில்லை. அந்தக் கும்மிக்குப் படம் கிடையாது.

யார்டு இன்றும் இருக்கிறது. அவள் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கொடையன்று மட்டும் லாரிகளை வெளியே எடுத்து கேட்டைத் திறந்து வைக்கிறார்கள், அவ்வளவுதான் கிடைத்தது. செல்வக்கனி மறுபடி பாரி வளர்க்கிறாள், தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் அந்த வருடத்திலிருந்து அங்கே எந்தப் பெண் மேலும் சாமி வருவதில்லை. கிழவிகளில் ஒருத்தி "தூக்கலாமா?" என்று கேட்கிறாள், இன்னொருத்தி "தூக்குவோம்" என்கிறாள், தூக்குகிறார்கள். எவன் தம்பிக்குப் பங்கு கொடுக்கவில்லை, எவன் மருமகளைப் பட்டினி போடுகிறான் என்று இப்போது ஊர் முன்னால் யாரும் கேட்பதில்லை. அந்த ஆண்களுக்கு வசதியாகப் போயிற்று. உங்களில் ஒருவர் போன மாதம் எனக்குப் போன் செய்து, "அந்த ஊர்ல இப்ப ஒன்னும் நடக்கலையாமே அண்ணாச்சி, போறது வேஸ்ட்தானா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். அவருக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

இந்த வருடக் கொடைக்கு முன்னால் ஆத்தூரிலிருந்து ஒரு கட்டு வெற்றிலை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். காமிரா கொண்டுபோகவில்லை. ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்டுவிட்டேன். அம்மன் உனக்கு வருவதே இல்லையா என்று.

"வருது அண்ணாச்சி" என்றாள். "பாரிக்குத் தண்ணி தெளிக்கையில வருது. கதவைச் சாத்திக்கிடுவேன்."

வந்து என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

குழைக்கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அதை இனிமே நான் யாருகிட்டச் சொல்ல?" என்றாள்.